கறவை மாடுகளில் இரட்டைக் கன்று ஈனுதல்

கறவை மாடுகளில் இரட்டைக் கன்று ஈனுதல் என்பது ஒரே சினையில் இரண்டு கன்றுகள் பிறப்பதாகும். பசு பொதுவாக ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றே ஈனும். இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனங்களில் 100 ஈற்றுகளில் ஏறத்தாழ ஒன்றுதான் இரட்டை; அதிகம் கறக்கும் ஹோல்ஸ்டீன் இனத்தில் இது 3 முதல் 5 வரை உள்ளது. நாட்டு மாடுகளில் அரிது. ஒரே பருவத்தில் இரண்டு கருமுட்டைகள் வெளிப்படுவதே பெரும்பாலும் காரணம்.

விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம் பகுதியில், சினை ஊசி மூலம் பெற்ற கலப்பின மாடுகள் ஒன்றிரண்டை வைத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் சிறு விவசாயிகள் பலர். அவர்களுக்குக் கிடேரிக்கன்றுதான் அடுத்த கறவை மாடு. எனவே ஒரு காளையும் ஒரு கிடேரியும் சேர்ந்து பிறந்தால், காளையை விற்றுவிட்டுக் கிடேரியை வளர்க்கத் தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

காளையுடன் சேர்ந்து பிறந்த கிடேரிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் மலடாகவே இருக்கும். இவை ‘ஃப்ரீமார்ட்டின்’ எனப்படுகின்றன. ஜான் ஹன்டர் 1779-இல் இவற்றை விவரித்தார். காரணத்தை 1916-இல் விளக்கியவர் ஃபிராங்க் லில்லி. இரு கன்றுகளின் நஞ்சுக்கொடி இரத்தக்குழாய்களும் கருப்பையிலேயே இணைந்துவிடுவதால், காளைக்கன்றின் ஹார்மோன்கள் கிடேரியின் உடலுக்குள் சென்று சூலகம், கருப்பை ஆகியவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கின்றன. வெளித்தோற்றத்தில் கன்று நன்றாகவே இருக்கும். பருவத்துக்கு வராததைக் கண்டு சந்தேகம் எழுவதற்குள் இரண்டு ஆண்டுத் தீவனம் செலவாகியிருக்கும்.

பிறந்த சில வாரங்களிலேயே இதைக் கண்டறியலாம். இத்தகைய கன்றின் பிறப்புறுப்புக் குழாய் இயல்பான கன்றினுடையதில் ஏறக்குறைய பாதி நீளமே இருக்கும். கால்நடை மருத்துவர் மெல்லிய குழலைச் செலுத்தி அளந்துபார்ப்பார். இரத்தப் பரிசோதனை இன்னும் உறுதியானது. இரண்டும் கிடேரியாகப் பிறந்தால் இந்தக் கவலை இல்லை.

தாய்ப்பசுவின் நிலையும் கவனிக்கத்தக்கது. இரட்டைச் சினை வழக்கமான 280 நாட்களுக்குச் சில நாட்கள் முன்னதாகவே முடியும். கன்றுகள் எடை குறைந்து பிறக்கும். நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது அதிகம். 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கையால் இழுப்பதும் கருப்பையைப் புண்ணாக்கும். கருப்பையில் சீழ் பிடித்தால் அடுத்த சினை தள்ளிப்போகும். ஆண்டுக்கொரு கன்று என்ற கணக்கும் தவறிவிடும்.