176 கோடி மரங்கள், 210 கட்டங்கள்

‘பழைய புத்தகக் கடை’ என்று ஒரு பெயர்ப்பலகை. பழையது கடையா, அங்கே விற்கும் புத்தகமா? நாம் யோசிக்காமல் கடந்துவிடுவோம். கணினியால் அப்படிக் கடக்க முடியாது. சொற்கள் எப்படிச் சேரலாம் என்று சூழல் சாரா இலக்கணம் வகுத்த விதிகளின்படி இரண்டு பொருளும் சரி. அவ்விதிகளைக் கொண்டு வாக்கியத்தின் அமைப்பை மரமாக வரையும் நிரலுக்குப் பார்சர் என்று பெயர்.

இரண்டோடு நின்றால் பரவாயில்லை. ‘உரிமையாளர்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் 5 மரங்கள். ‘சங்கம்’ சேர்த்தால் 14. அடுத்த சொல்லுக்கு 42. விதிகள் எதையும் தடுக்காவிட்டால் 20 சொல் தொடருக்கு 176 கோடிக்கும் மேல்! கத்தலான் எண்கள் எனப்படும் இந்த வரிசை ஆங்கில வாக்கியங்களில் நிஜமாகவே தலைகாட்டுவதை 1982இல் கென்னத் சர்ச், ரமேஷ் பாட்டீல் இருவரும் விளக்கினார்கள்.

இவ்வளவையும் தனித்தனியே வரைந்து மாளாது. 1960களில் ஜான் காக், டேனியல் யங்கர், டடாவோ கசாமி மூவரும் தனித்தனியாக ஒரே வழியைக் கண்டார்கள்.

இடுக்குப் புள்ளிக் கோலத்துக்கு வைப்பதுபோலக் கட்டங்களை அடுக்க வேண்டும்: கீழ்வரிசையில் சொல்லுக்கு ஒன்று, மேலே போகப்போக ஒன்று குறைவு, உச்சியில் ஒன்றே ஒன்று. இரண்டாம் வரிசையில் ‘பழைய புத்தகம்’ ஒரு கட்டம், ‘புத்தகக் கடை’ இன்னொரு கட்டம். ஒரு துண்டை ஒருமுறை கணக்கிட்டு எழுதிவிட்டால் போதும். மேலே உள்ள கட்டங்கள் அதையே எடுத்துக்கொள்ளும். 20 சொற்களுக்கு 210 கட்டங்கள். துண்டுகளை இரண்டாகப் பிரித்துச் சோதிக்க வேண்டிய வழிகள் வெறும் 1330. அந்த 176 கோடி மரங்களும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. இதைவிட அழகான சிக்கனம் கணினியியலில் அரிது.

1968இல் ஜே எர்லி இடமிருந்து வலமாக, அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்தபடியே படிக்கும் இன்னொரு முறையைத் தந்தார்.

ஆனால் எந்த மரம் சரியானது என்று இம்முறைகள் சொல்வதில்லை. அதற்கு, மனிதர்கள் பகுத்துவைத்த வாக்கியங்களிலிருந்து நிகழ்தகவு கிடைக்க வேண்டும். அப்படிப்பட்ட வாக்கியங்களின் தொகுப்பே மர வங்கி. ஆங்கிலத்துக்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மர வங்கியில், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்திகள் மட்டுமே சுமார் 10 லட்சம் சொற்கள். பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில், சற்றே வேறு பாணியில் உருவான தமிழ் மர வங்கியில் இருப்பவை 600 வாக்கியங்கள்.

இலக்கணத்தில் இத்தனை ஊறிய மொழிக்கு இது போதவே போதாது. தமிழ்த் துறையும் கணினித் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. கல்லூரி ஆசிரியர்கள் மாணவர் திட்டப்பணியாகவே இதைத் தொடங்கலாம்.