புதர்க்காடும் மழைக்காடும்

கேரளாவில் பாலக்காடு மாவட்டத்தில் சைலண்ட் வேலி என்ற மழைக்காடு இருக்கிறது. உள்ளே பகலிலும் நிழல்தான். உயர்ந்த மரங்களின் கிளைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பந்தல் போட்டிருக்கும். தரைக்கு வரும் வெயில் குறைவு. அதனால் கீழே புதர் அதிகம் இருக்காது.

அந்த மரங்களை வெட்டினால் என்ன ஆகும்? தரையில் வெயில் விழும். செடியும் கொடியும் முள்ளும் வேகமாக வளரும். ஆள் நுழைய முடியாத புதர்க்காடு ஆகிவிடும். இதைத்தான் ஜங்கிள் என்கிறார்கள். காட்டு ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் இது தானாகவே வளர்வது உண்டு.

தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் பச்சைதான். ஆனால் சிங்கவால் குரங்குக்கு இரண்டும் ஒன்றல்ல. அது கிளைக்குக் கிளை தாவி, பழம் தின்று வாழ்கிறது. பந்தல் அறுந்தால் அதற்கு வழியும் இல்லை, உணவும் இல்லை.

இங்கே குந்திப்புழை ஆற்றில் மின்சாரத்துக்காக அணை கட்ட நினைத்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் இந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

புதர் சில ஆண்டுகளில் வளர்ந்துவிடும். மழைக்காடு உருவாகப் பல தலைமுறைகள் வேண்டும். வெட்டுவதற்கோ சில நாட்கள் போதும்.

உங்கள் ஊருக்கு அருகில் உள்ள காடு எப்படிப்பட்டது? கூடிப் பேசுங்கள்.