செருகுநிரலின் சரக்குச் சீட்டு

சென்னைக்கு வடக்கே, கொசத்தலையாற்றின் உப்பங்கழிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடப்பது காட்டுப்பள்ளி. ஆண்டுக் கணக்கில் நோக்கின் இக்கரையோர மணல் தெற்கிலிருந்து வடக்காகவே நகர்கிறது. துறைமுக அலைதடுப்புச் சுவர் அந்நகர்வை மறிக்கும்போது தென்புறம் மணல் குவியும். வடபுறம் கரை அரிபடும். எவ்வளவு என்று அளக்க, 1972 முதல் எடுக்கப்பட்டுவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை விரித்துக் கணக்கிட, கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்னும் திறந்த மூல மென்பொருள் உண்டு.

கரைக்கோட்டின் நகர்வை அளப்பது போன்ற தனித்தேவைகளுக்குப் பைத்தான் மொழியில் செருகுநிரல் எழுதி இணைப்பது வழக்கம். எழுதுவது பாதி வேலையே. பொதிந்து வெளியிடும்போதுதான் பலர் இடறுகின்றனர்.

துறைமுகத்தில் ஒவ்வொரு பெட்டகத்தையும் திறந்து பார்த்தா ஏற்றுகின்றனர்? சரக்குச் சீட்டை நம்பியே ஏற்றுகின்றனர். செருகுநிரலுக்கு அச்சீட்டு மெட்டாடேட்டா கோப்பு. பெயர், பதிப்பெண், ஆக்கியோர், மூலநிரலின் இருப்பிடம், தேவையான குறைந்தபட்சக் கியூஜிஐஎஸ் பதிப்பு ஆகியவை அதில் இருந்தாக வேண்டும். கடைசி வரியின் விளைவு பெரிது. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு பைத்தான் 3க்கு மாறியது. இரண்டாம் பதிப்புக்கென எழுதியவை அதில் இயங்கவில்லை. உச்சப் பதிப்பைக் குறிக்காத செருகுநிரல் தன் முதன்மைப் பதிப்போடு நின்றுவிடும் என்பது செருகுநிரல்களை வழங்கும் கியூஜிஐஎஸ் களஞ்சியத்தின் விதி. எனவே பழையவை புதிய பயனரின் பட்டியலில் தோன்றவேயில்லை. பழுதானதைக் காட்டி ஏமாற்றுவதினும் இது நன்று.

கோப்புகள் யாவும் ஒரே கோப்புறைக்குள் அடங்கி ஜிப்பாக வேண்டும். கோப்புறையின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், ஓரிரு குறிகள் தவிர வேறெதற்கும் இடமில்லை. உரிமக் கோப்பு கட்டாயம். இயந்திரமொழிக் கோப்புகளுக்குத் தடை உண்டு. ஆதலால் படங்களை வகைப்படுத்தும் பெருஞ்செருகுநிரல்கள் சில, தமக்கு வேண்டிய கணிப்பு நூலகங்களைப் பயனரே தனியாக நிறுவிக்கொள்ளக் கேட்கின்றன.

கரையை அளக்கும் கருவிக்கு மற்றுமொரு சிக்கல். காட்டுப்பள்ளியில் ஒரு பாகை நெட்டாங்கு ஏறத்தாழ 108 கிலோமீட்டர். ஒரு பாகை அகலாங்கோ 111. பாகையையே நீளமாகக் கொண்டால் விடை தவறாகும். மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆள்கூற்று முறையின் வடக்கு 44ஆம் மண்டலத்திற்கு மாற்றியே அளத்தல் வேண்டும். அம்மண்டல எண்ணை நிரலுக்குள் நிலையாகப் பதித்தால் காட்டுப்பள்ளிக்குப் பொருந்தும், கொச்சிக்குப் பொருந்தாது. கொச்சி 43ஆம் மண்டலத்தில் உள்ளது. வரைபடப் படலத்திலிருந்தே மண்டலத்தை அறியும் திறன் அமையும்வரை, அச்செருகுநிரலைச் 'சோதனை நிலை' என்று குறித்தே வெளியிட வேண்டும். சோதனைச் செருகுநிரல்களையும் காட்டுமாறு அமைப்பில் தெரிவு செய்தவர்க்கு மட்டுமே அது தென்படும்.