நீந்திக் கடந்தவர்கள் – 9: பாக் நீரிணையின் பிள்ளைகள்

கேப்டன் மாத்யூ வெப்பைச் சென்ற வாரம் பிரான்ஸின் கலே கரையில் விட்டுவிட்டு வந்தோம். 1875 ஆகஸ்டில் 21 மணி 45 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர் அவர். அதன்பின் நீச்சலுக்கு இரண்டு பாதைகள் உருவாயின. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில்கூடப் போட்டிகள் கடலில்தான் நடந்தன. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாக நீச்சல் குளத்துக்குள் போனது. வேகத்தை அளக்க விரும்பியவர்கள் குளத்தோடு போனார்கள். தூரத்தை அளக்க விரும்பியவர்கள் கடலிலேயே நின்றுகொண்டார்கள்.

குளம் கட்டப் பணம் வேண்டும். கடலுக்கு வேண்டாம். தமிழர்கள் நீச்சலில் பேர் வாங்கியது கடலில்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தின் வடகரையில், வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது தொண்டைமானாறு. அந்த ஊர்க்காரர் மு. நவரத்தினசாமி. 1954 மார்ச்சில் அவர் வல்வெட்டித்துறையில் இறங்கி, சுமார் 27 மணி நேரம் நீந்திக் கோடியக்கரையில் ஏறினார். பாக் நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவர்தான்.

மார்ச் மாதம் என்பது தற்செயல் அல்ல. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்காத இடைவெளி அது. இன்றும் நீரிணையைக் கடக்க வருபவர்களில் பெரும்பாலோர் மார்ச், ஏப்ரலில்தான் வருகிறார்கள். காற்று அடங்கிய நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ இறங்குகிறார்கள். அக்குளிலும் கழுத்திலும் கிரீஸ் அப்பிக்கொள்ள வேண்டும். உப்புத்தண்ணீரில் தோலோடு தோல் மணிக்கணக்கில் உரசினால் புண்ணாகிவிடும். பசித்தால் கூடவே வரும் படகிலிருந்து கம்பு நுனியிலோ கயிற்றிலோ பாட்டிலை நீட்டுவார்கள். நின்ற நீச்சலிலேயே குடிக்க வேண்டியதுதான். படகின் விளிம்பைக் கையால் பிடித்துவிட்டால் அத்தோடு முயற்சி முடிந்தது. இதற்கு நடுவே கடல் பாம்பு, சொறிமீன், திசை மாறி இழுக்கும் நீரோட்டம் எல்லாம் உண்டு.

கல்கத்தாவின் மிஹிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி வந்தார். அதே ஆண்டு ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என மொத்தம் ஐந்து நீர்வழிகளைக் கடந்தார். ஆழிக்குமரன் என்று ஊரார் கொண்டாடிய வல்வெட்டித்துறை ஆனந்தனுக்கு ஒருவழிப் பயணம் போதவில்லை. 1971இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தி வந்து, அப்படியே திரும்பியும் நீந்தினார். போக வர 51 மணி நேரம். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அவர் உயிர் போனது.

பிறகு வந்தவர் ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன். 1994இல் பாக் நீரிணையைக் கடந்தபோது வயது 12. அந்த ஒரே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீர்வழிகளைக் கடந்து, மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டினார். 1996இல் அர்ஜுனா விருது கிடைத்தது. ஸ்பான்சர்தான் கிடைக்கவில்லை. வெளிநாட்டுக் கடலில் நீந்த விமானச் செலவு, துணைப்படகு வாடகை, பயிற்சிச் செலவு எல்லாம் லட்சங்களில் வரும். நடுத்தரக் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? நீச்சலை விட்டுவிட்டுப் படிப்பின் பக்கம் போனார்.

அதே 1996இல்தான் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் கால் பதித்து, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தது. பக்கத்திலிருக்கும் ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. ஒரு சிறுவனுக்கு ஸ்பான்சர் தேடி அலைந்த மாநிலத்தில் இன்று உலக நிறுவனங்கள் அடுத்தடுத்த கேட்டில் நிற்கின்றன.

தண்ணீருக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, 24 அடி ஆழம் நிற்கும் செம்பரம்பாக்கம் ஏரி எல்லாம் அருகருகே இருக்கின்றன. ஆனால் செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர்; அதில் இறங்கிப் பழக முடியாது. மற்ற ஏரிகளில் மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பது வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பையனுக்குத் தெரியாது. லீவு நாளில் குளிக்கப் போன இளைஞர் நீரில் மூழ்கினார் என்ற செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வராத கோடை கிடையாது.

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் இருக்கிறது. நீச்சல் ஒலிம்பிக் விளையாட்டுதான். ஒரகடம் வட்டாரத்து நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு குளம் கட்டட்டும். பயிற்சியாளர்களைப் போட்டு, சுற்றுவட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அங்கே தங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் நீச்சல் சொல்லித்தரட்டும். சட்டம் குறுக்கே நிற்கவில்லை, பணமும் இருக்கிறது.

(அடுத்த வாரம்: 1959இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆரதி சாஹா)