ஒரு பருவம் அனுப்பி வையுங்கள்!

பத்து பாகாட் பட்டணத்திலிருந்து குளுவாங் போகும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றால் பாரிட் ராஜா வருகிறது. சிறிய ஊர்தான். ஆனால் அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், பொலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் நிலையமாக அது தொடங்கியது. 1996இல் தொழில்நுட்பக் கழகமாகவும், 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும் வளர்ந்து, 2007ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் 'துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம்' என்னும் முழுப் பெயரைப் பெற்றது.

மாலை வேளையில் அந்த ஊர்க் கடைத்தெருப் பக்கம் போய்ப் பாருங்கள். நம் நாட்டு மூவினப் பிள்ளைகளோடு, இந்தோனேசிய மாணவரும், அரபு நாட்டு மாணவரும், ஆப்பிரிக்க மாணவரும் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பார்கள். உலகம் நம் வாசலுக்கு வந்து நிற்கிறது. நம் வீட்டுப் பிள்ளை அந்த வாசலைத் தாண்டி வெளியே போகிறதா? இதுதான் இன்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

அந்தப் பல்கலைக்கழகம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது? நம் நாட்டின் மூன்றாவது பிரதமர் துன் ஹுசேன் ஓன் பெயரை. 1974 முதல் 1981 வரை இந்த மாவட்டத்தின் ஸ்ரீ காடிங் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர். ஜோகூர் படையில் பயிற்சி மாணவராகச் சேர்ந்த இளைஞர், இந்தியாவில் டேராடூன் இராணுவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் லண்டன் சென்று சட்டம் பயின்றார். 1976இல் பிரதமரானார். ஜோகூரில் பிறந்த பிள்ளை இமயமலை அடிவாரத்திலும் இங்கிலாந்திலும் கற்றதை எடுத்து வந்து நாட்டுக்குக் கொடுத்தது.

நம்மவர் கதை ஒன்றும் சொல்கிறேன். துன் வீ. தி. சம்பந்தன், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நாளில், 1960ஆம் ஆண்டு, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் சேர்த்த காசிலேயே தோட்டங்களை வாங்கிக் காட்டினார்.

எங்கள் ஆசிரியர் குலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகே கிர்பி என்னும் இடத்தில், 1952 முதல் 1962 வரை மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று நடந்தது. மலாய், சீன, இந்திய இளைஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் உண்டு, பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். 1957 ஆகஸ்டு 31 நம் சுதந்திர நாள் என்பதைத் துங்கு அவர்கள் 1956 பிப்ரவரி 7ஆம் நாள் அந்தக் கல்லூரி மாணவர்களிடத்திலேதான் அறிவித்தார். ஊரில் இருந்தபோது மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று இருந்தவர்கள், அந்தக் குளிரில் 'நாம் மலாயாக்காரர்கள்' என்று உணர்ந்தார்கள். வெளிநாடு போனால்தான் சொந்த நாடு தெரியும் என்பது வெறும் பேச்சு அல்ல.

பின்னர் கொழும்புத் திட்டத்தின் வழியாக நம் மாணவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் போனார்கள். 1982ஆம் ஆண்டு டாக்டர் மகாதீர் அவர்களின் கிழக்கை நோக்கும் கொள்கை வந்தபின் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போனார்கள். வருகையும் இருந்தது. 1961ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற தனிநாயக அடிகள் இலங்கையிலிருந்து வந்தவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியதற்கு அவர் உழைப்பே பெருங்காரணம்.

பயம் எங்கிருந்து வந்தது?

இவ்வளவு இருந்தும், 'வெளிநாட்டுப் படிப்பு' என்றதும் தோட்டத்துப் பெற்றோர் முகம் ஏன் வாடுகிறது? காரணம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டிலிருந்து பிரிட்டன் வெளிநாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டணம் கேட்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு, உபகாரச் சம்பளம் கிடைக்காத பிள்ளையை அனுப்ப நினைத்த குடும்பம் நகையை அடகு வைத்தது; நிலம் இருந்தால் அதையும் விற்றது. மகன் நல்லபடி திரும்பினால் சரி. படிப்பு பாதியில் நின்றால் கடன் மட்டும் நின்றது. அப்படிப்பட்ட குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பிறகு வேறு வழிகள் வந்தன. சில ஆண்டு இங்கே, சில ஆண்டு அங்கே என்ற இணைப்புப் படிப்புகள் தோன்றின. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே இங்கு வந்து கிளை திறந்தன. 1998இல் மோனாஷ், 2000இல் நாட்டிங்ஹாம், நம் ஜோகூரிலேயே இஸ்கண்டார் பகுதியில் 2011இல் நியூகாசல் மருத்துவக் கல்லூரி வளாகம். பயணச் செலவு குறைந்தது. ஆனால் கட்டணம் கூலிக்காரக் கைக்கு எட்டும்படி இல்லை.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் நம் வீடுகளில் பேச்சே இல்லை. அதுவே மாணவர் பரிமாற்றம்.

பரிமாற்றம் என்றால் என்ன?

பண்டமாற்று நமக்குப் புதிதல்ல. என்னிடம் உள்ளதை நீ எடுத்துக்கொள், உன்னிடம் உள்ளதை நான் எடுத்துக்கொள்கிறேன். மாணவர் பரிமாற்றமும் அப்படியே. இங்குள்ள பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. இங்கிருந்து சிலர் ஒரு பருவம் அங்கே போய்ப் படிப்பார்கள். அங்கிருந்து சிலர் இங்கே வருவார்கள். ஒரு பருவம் என்பது ஏறக்குறைய 14 வாரப் பாடம். தேர்வையும் சேர்த்தால் நான்கைந்து மாதம்.

முறையான பரிமாற்றத்தில் பிள்ளை தன் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் கட்டணத்தையே கட்டுகிறது. அங்குள்ள பல்கலைக்கழகம் படிப்புக் கட்டணம் கேட்பதில்லை. விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, கைச்செலவு ஆகியவையே நம் பொறுப்பு. அங்கே படித்த பாடங்களின் கிரெடிட், முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருந்தால், இங்குள்ள பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளப்படும்.

இதை உலகுக்குப் பெரிய அளவில் செய்து காட்டியது ஐரோப்பா. 1987ஆம் ஆண்டு 'எராஸ்மஸ்' என்ற பெயரில் 11 நாடுகள் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் முதல் ஆண்டில் போனவர்கள் 3,244 மாணவர்களே. இன்றுவரை அதன் வழியாகப் போய் வந்தவர்கள் பல இலட்சம் பேர். ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட நாடுகளின் பேரப்பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள். நம் வட்டாரத்திலும் 1995இல் ஆசியான் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு தோன்றியது. 2010ஆம் ஆண்டில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் ஒரு பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கின. பிறகு மற்ற நாடுகளும் அதில் சேர்ந்தன. 2020இல் கோவிட் வந்து எல்லைகளை மூடியபோது எல்லாம் தடைபட்டது. இப்போது மறுபடியும் வாசல் திறந்திருக்கிறது.

ஒரு தகப்பனாரின் கேள்விகள்

யோங் பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனை லோரி ஓட்டும் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகள் சிறுவயதில் என்னிடம் படித்தவள். அப்போது ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. இந்தோனேசியாவில் ஒரு பருவம் படிக்கத் தேர்வு பெற்றிருந்தாள். தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டிய கடிதம் பத்து நாளாகச் சாமி மேடையில் கிடந்தது. கடைசித் தேதிக்கு நான்கு நாளே இருந்தது. கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் அவர் வரவில்லை. மலாய் நன்றாகவே வாசிப்பார். யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல்தான் வந்தார்.

"வாத்தியாரையா, பொம்பளப் புள்ளைய தனியா அனுப்பலாங்களா?" என்பது முதல் கேள்வி.

"அண்ணே, மூணு வருஷமா அவ தனியாத்தானே ஹாஸ்டல்ல இருக்கா? இப்போ கூடவே நம்ம நாட்டுப் புள்ளைங்க நாலு பேரு போறாங்க. யார் யார்னு கேளுங்க. அங்க பொறுப்பா இருக்கிற விரிவுரையாளர் பேரையும் நம்பரையும் வாங்கி வச்சுக்குங்க" என்றேன்.

"படிப்பு ஆறு மாசம் பின்னால போயிடுமா?"

"அது பல்கலைக்கழகம் எழுத்துல சொல்ல வேண்டிய விஷயம். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் சரின்னு ஒரு பாரம் இருக்கும். அதுல கையெழுத்து விழுந்திருக்கான்னு மகள்கிட்ட கேளுங்க."

மூன்றாவது கேள்வி செலவு. மகளையும் தொலைபேசியில் வைத்துக்கொண்டு மூவரும் கணக்குப் போட்டோம். பல்கலைக்கழகம் விமானச் செலவில் ஒரு பகுதியைத் தருவதாக அவள் சொன்னாள். அங்கே அறை வாடகையும் சாப்பாடும் இங்கே ஆகும் செலவைவிட அதிகமில்லை என்று தெரிந்தது. தகப்பனார் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா? நான் வீட்டை விக்கணும்னு நெனைச்சேன்" என்றார். மறுநாள் கையெழுத்திட்டார்.

பெண் போய் வந்தாள். உரிய காலத்தில் பட்டமும் பெற்றாள். நேர்முகத் தேர்வில் அந்தப் பருவத்தைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்களாம். "முன்னே பத்துப் பேர் எதிரே பேச நா எழாது சார், இப்போ பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம்" என்று சிரித்தாள்.

அந்தக் கடிதம் இன்னும் நான்கு நாள் சாமி மேடையிலேயே கிடந்திருந்தால்? இப்படி எத்தனை வீட்டில், எத்தனை கடிதம் கிடந்து பழுத்துப் போயிருக்கும்? நம் பிள்ளைகளுக்குத் தகுதி குறைவில்லை. கேட்டுச் சொல்ல ஆள் இல்லாததே குறை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

நம்பிக்கை வேண்டும் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. பெற்றோர்களே, இந்த ஐந்தையும் கேளுங்கள்.

முதலாவது, இது பல்கலைக்கழகத்தின் அனைத்துலக அலுவலகம் நடத்தும் திட்டமா, வெளியாள் நடத்துவதா? இரண்டு வாரச் சுற்றுலாவுக்கும் 'பரிமாற்றம்' என்று பெயர் சூட்டிப் பணம் கேட்பவர்கள் உண்டு. சுற்றுலா தவறில்லை, ஆனால் அது படிப்பு அல்ல.

இரண்டாவது, அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா? உண்டென்றால் எவ்வளவு?

மூன்றாவது, கிரெடிட் மாற்றம் எழுத்தில் இருக்கிறதா?

நான்காவது, பி.டி.பி.டி.என். கடனோ உபகாரச் சம்பளமோ அந்தப் பருவத்திலும் தொடருமா? கொடுப்பவர்களிடமே நேராகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, நோய் நொடி வந்தால் காப்புறுதி இருக்கிறதா?

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இத்தகைய இடங்களுக்குப் புள்ளிகளைப் பார்த்தே தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே மூன்றாம் ஆண்டில் போக ஆசைப்படுகிறவர் முதலாம் ஆண்டிலிருந்தே கவனமாகப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தைப் பயமின்றிப் பேசிப் பழகுங்கள். நம்மிடம் உள்ள இன்னொரு செல்வத்தையும் மறக்காதீர்கள். மலாய் தெரிந்த பிள்ளைக்கு இந்தோனேசியா அந்நியமல்ல. தமிழ் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ்நாடும் இலங்கையும் அந்நியமல்ல. மூன்று மொழியோடு வளரும் நம் தோட்டத்துப் பிள்ளை, ஒரே மொழியோடு வளர்ந்த நகரத்துப் பிள்ளையைவிடப் பயணத்துக்குத் தயாரானது.

வந்தவர்களை வரவேற்போம்

பரிமாற்றம் என்றால் போவது மட்டுமா? வருவதும்தானே! பாரிட் ராஜாவுக்கு வந்திருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் ஒரு தமிழர் வீட்டு வாசற்படி ஏறியிருப்பார்கள்? படித்து முடித்து ஊர் திரும்பும்போது, மலேசியா என்றால் விடுதி அறையும் பேரங்காடியும் மட்டுமே அவர்கள் நினைவில் நின்றால், நமக்கும் அதில் ஒரு குறை உண்டு.

வரும் தீபாவளிக்குத் திறந்த இல்ல விருந்து வைப்பவர்கள் இரண்டு வெளிநாட்டு மாணவர்களையும் அழைத்துப் பாருங்கள். முறுக்கும் கோழிக்கறியும் போதும். விருந்தாளி முஸ்லிம் என்றால் ஹலால் கோழியாக இருக்கட்டும். கோயில் திருவிழாவுக்கும், பொங்கல் ஒற்றுமை விழாவுக்கும், நம் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் அழைக்கலாம். ஏமன் நாட்டு மாணவர் ஒருவர் தம் ஊரைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு உலகப்படம் உயிர் பெறும். அந்தப் பிள்ளையின் மனத்தில் 'நானும் ஒரு நாள் போவேன்' என்ற விதை அன்றே விழும்.

நம் முன்னோர் கப்பலேறி இங்கு வந்தபோது அவர்களைப் படிக்க அழைக்கவில்லை, உழைக்க அழைத்தார்கள். திரும்பிப் போகும் நாள் பலருக்கு வாய்க்கவே இல்லை. அவர்கள் வழிவந்த பிள்ளைக்கு இன்று படிப்பதற்காகக் கடல் கடக்கவும், கற்றுக்கொண்டு திரும்பி வரவும் வழி திறந்திருக்கிறது. செலவுக்குப் பயந்து, ஊர் பேச்சுக்குப் பயந்து அந்த வழியை நாமே அடைத்துவிட வேண்டாம்.

உங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை இருந்தால், இந்த வாரமே தொலைபேசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க யூனிவர்சிட்டில மாணவர் பரிமாற்றத் திட்டம் இருக்காமே, நீ விசாரிச்சியா?"