சராசரிக்குள் அடங்காத வைரஸ்

2020 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை மாலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற ஊரில், ஸ்காஜிட் பள்ளத்தாக்கு சேர்ந்திசைக் குழுவினர் 61 பேர் ஒத்திகைக்குக் கூடினார்கள். நாற்காலிகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளிதான். இரண்டரை மணி நேர ஒத்திகை. நடுவே பிஸ்கட்டும் ஆரஞ்சும். முடிந்ததும் அவரவர் நாற்காலியை அவரவரே எடுத்து வைத்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

அவர்களில் ஒருவருக்கு மூன்று நாளாகச் சளி பிடித்தது போல இருந்தது. அடுத்த சில நாட்களில் மேலும் 52 பேர் நோயில் விழுந்தார்கள். 32 பேருக்குப் பரிசோதனையில் கோவிட் உறுதியானது. மற்ற 20 பேருக்கு அறிகுறிகள் அதையே காட்டின. இருவர் இறந்துபோனார்கள்.

ஒருவர் சராசரியாக இரண்டு, மூன்று பேருக்குக் கோவிட்டைத் தருவார் என்றுதான் அப்போது படித்தோம். பிறகு எப்படி ஒரே மாலையில் 52 பேர்?

பத்து நோயாளிகள் சேர்ந்து இருபது பேருக்குத் தொற்றைத் தந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு பேர் என்றால் சராசரி இரண்டு. ஏழு பேர் யாருக்கும் தரவில்லை, இருவர் ஆளுக்கு ஒருவருக்குத் தந்தார்கள், மீதமிருக்கும் ஒருவர் பதினெட்டுப் பேருக்குத் தந்தார் என்றாலும் சராசரி இரண்டுதான். கோவிட்டின் போக்கு இரண்டாவது கணக்கை ஒத்தது.

இதற்கான பெரிய சான்று நம் மண்ணிலிருந்தே கிடைத்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சுகாதாரப் பணியாளர்கள், 'யாரோடு இருந்தீர்கள், எங்கே போனீர்கள்' என்று கேட்டுக் கேட்டு எழுதிய பதிவேடுகள்தான் அந்தச் சான்று. 84,965 நோயாளிகள், அவர்களோடு பழகிப் பரிசோதனை செய்துகொண்ட 5,75,071 பேர். ரமணன் லக்ஷ்மிநாராயண் தலைமையிலான குழு இந்தத் தரவுகளை ஆராய்ந்து 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. நோயாளிகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தினரின் தொடர்பில் ஒருவருக்குக்கூடத் தொற்று தென்படவில்லை. 8 சதவீதத்தினரே 60 சதவீதப் புதிய தொற்றுகளுக்குக் காரணம்.

இன்னொரு எண் என்னை அதிகம் உலுக்கியது. நோயாளிக்கு அருகே அமர்ந்து ஒரே வண்டியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தவர்களில் ஏறத்தாழ 79 சதவீதத்தினருக்குத் தொற்று ஏற்பட்டது. வீட்டில் உடன் இருந்தவர்களிடம் அது சுமார் 9 சதவீதம்தான்.

இதில் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அடைத்த அறையில் ஒரு ஊதுபத்தி ஏற்றுங்கள்; சிறிது நேரத்தில் கடைசி மூலைக்கும் வாசனை போய்விடும். ஜன்னலைத் திறந்தால் வாசனை தங்காது. பேசும்போதும் பாடும்போதும் வாயிலிருந்து வெளிவரும் மிக நுண்ணிய துளிகளும் அப்படித்தான் காற்றில் மிதக்கின்றன. குரல் உயர உயரத் துளிகளும் கூடுகின்றன. அந்த வேளையில் பேசுபவரின் உடலில் வைரஸும் பெருகியிருந்தால் ஆபத்து பல மடங்கு. கோவிட்டில் வைரஸ் உச்சத்தில் இருப்பது அறிகுறி தொடங்குவதற்குச் சற்று முன்னும் பின்னும்தான். தனக்கு நோய் என்றே பலருக்கும் தெரியாத நேரம் அது.

கொத்துக் கொத்தாகப் பரவும் இந்தக் குணம் கோவிட்டோடு தொடங்கவில்லை. 2003 பிப்ரவரியில், தென் சீனாவிலிருந்து வந்த ஒருவர் ஹாங்காங் ஹோட்டல் ஒன்றின் ஒன்பதாவது மாடியில் தங்கினார். அவரிடமிருந்து அங்கே தொற்றிய சார்ஸ் என்ற சுவாச நோய், விருந்தினர்களோடு வியட்நாம், சிங்கப்பூர், கனடாவுக்குப் போனது.

இந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டால் தொற்றைத் தேடும் முறையும் மாற வேண்டும். ஊரில் பத்து வீட்டில் விருந்து என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வீடுகளில் வீட்டுக்கு ஒரு விருந்தாளி. பத்தாவது வீட்டில் நூறு பேருக்குப் பந்தி. சாப்பிட்டு வருகிறவர் யாரை நிறுத்தி 'எங்கே சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டாலும் பெரும்பாலும் அந்தப் பத்தாவது வீட்டைத்தான் கைகாட்டுவார். அதுபோல, ஒரு நோயாளியிடம் 'யாருக்குத் தந்திருப்பீர்கள்?' என்று மட்டும் கேட்காமல், 'உங்களுக்கு எங்கே வந்தது?' என்றும் கேட்டால் பெரிய கொத்து சிக்கும். ஜப்பானில் வைரஸ் ஆய்வாளர் ஹிதோஷி ஓஷிதானி போன்றவர்கள் 2020-இன் தொடக்கத்திலேயே இப்படிப் பின்னோக்கித் தேடினார்கள். அடைத்த இடம், நெருக்கியடித்த கூட்டம், முகத்துக்கு முகம் பேச்சு என்ற மூன்றையும் தவிர்க்கும்படி மக்களிடம் சொன்னார்கள்.

'சூப்பர் ஸ்பிரெடர்' (பலருக்குப் பரப்பியவர்) என்று ஒரு மனிதரைச் சுட்டும்போது எனக்கு மனம் வலிக்கிறது. 2020 மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையில் தொற்று பெருகியபோது, கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் திரும்பிய தொழிலாளர்களிடமும் அது இருந்தது. நமக்குக் காய்கறி வந்து சேர வேண்டும் என்று உழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? வைரஸ் உச்சத்தில் இருக்கும் ஓர் உடல், காற்றோ இடமோ போதாத ஓரிடம், நீண்ட நேரம் ஆகியவை ஒன்றுகூடும்போதுதான் பெருங்கொத்து உருவாகிறது. முதலாவது யார் கையிலும் இல்லை. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

அடுத்த சுவாச வைரஸ் எதுவாக இருந்தாலும், அது நம் வகுப்பறைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இரவு நேர ஏசி பஸ்ஸுக்கும் வரும். அங்கே வெளிக்காற்று வர வழி இருக்கிறதா என்று இன்றே பார்த்து வைக்க வேண்டும்.