கரியின் ஏடுகளும் காந்தத்தின் அளவும்

பாடசாலைப் பிள்ளையின் பென்சிலினுள்ளே கருநிறமாய் அமைந்த பொருளைக் காரீயம் என நம் நாட்டார் வழங்குவர். பெயரில் ஈயம் உண்டு; பொருளிலோ ஈயம் இல்லை. அது வெறுங் கரியே. இலங்கைச் சுரங்கங்கள் இப்பொருளால் உலகப் புகழ் பெற்றவை.

இதன் உள்ளமைப்பு ஓர் ஏட்டுச்சுவடியை ஒத்தது. ஒவ்வோர் ஏட்டிலும் கரியணுக்கள் தேனடையின் கண்களைப் போல அறுகோணமாய்ப் பின்னிக் கிடக்கின்றன. மீன்பாடும் தேனாட்டார்க்குத் தேனடையை விளக்க வேண்டுவதில்லை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் வரும் ஒரு கூற்றில் மூன்றிலொன்றே ஏட்டுக்கும் ஏட்டுக்கும் உள்ள இடைவெளி. ஏடுகளைப் பிணிப்பது மெல்லிய பற்றேயாதலின், தாளில் உராயும்போது அவை வழுக்கிக் கழன்று எழுத்தாகின்றன.

இத்தகைய பொருளிற் காந்தத்தின் செயலை அளந்தவருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஒரு தமிழர். தமிழ்நாட்டு வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், இராமனுடைய ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் உடனுழைத்தவர். பின்னர் டாக்கா சர்வகலாசாலையிற் படிகங்களின் காந்த இயல்பை ஆராய்ந்தார். அவர் கையாண்ட முறை எளியது. மெல்லிய படிகக்கல் இழையிற் சிறு படிகமொன்றைக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிடுவர். அது தனக்குகந்த திசையில் நிற்கும். இழையின் தலைப்பை முறுக்க முறுக்கப் படிகம் சிறிதே திரும்பும். ஓரெல்லை கடந்ததும் சட்டெனப் புரண்டுவிடும். அவ்வளவில் முறுக்கிய கோணமே, திசைக்குத் திசை காந்த இயல்பு எவ்வளவு வேறுபடுகின்றது என்பதைக் காட்டிவிடும்.

பென்சிற்கரியைக் காந்தம் விலக்குகின்றது. ஏடுகளுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் அமையின், அவ்விலக்கம் ஏடுகளின் வழியே அமையும்போது உள்ளதினும் ஏறத்தாழ 40 மடங்கு பெரிது. இலத்திரன்கள் ஏட்டினுள்ளே தடையின்றி உலாவுகின்றன. ஏடு விட்டு ஏடு செல்லவோ இடர்ப்படுகின்றன. கிருஷ்ணன் கங்குலியுடன் சேர்ந்து 1941-இல் வெளியிட்ட கட்டுரை இவ்விலத்திரன்களைப் பற்றியதே.

2017-இல் அறிஞர் குரோமியம் மூவயடைட்டு என்னும் பொருளிலிருந்து ஒற்றை ஏட்டைப் பிரித்தெடுத்து, கடுங்குளிரில் அவ்வோரேடே காந்தமாக நிற்கக் கண்டனர். ஈரேடுகளாயின் ஒன்றன் காந்தத் திசைக்கு மற்றையது எதிராகி, இரண்டும் தம்முள் அடங்கிவிடுகின்றன. ஏட்டிற் பட்டு மீளும் ஒளியின் அதிர்வுத்தளம் திரும்பும் கோணத்தால் இதனை அளந்தனர். அன்று இழையின் முறுக்கம் அளவுகோலாயிற்று. இன்று ஒளியின் திருப்பம் அளவுகோலாயிற்று.

இத்தகைய இடைவினையைத் தமிழிற் சொல்லலாகுமோ என ஐயுறுவார் இன்றும் உளர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர், விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். அவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே கூடியதன் பயனை 1947-இல் வெளிவந்த யாழ் நூல் காட்டும். பொருளறியாது சொல்லாக்கின் விளைவது என்னவென்பதற்குக் காரீயம் என்ற பெயரே சான்று. ஏடு, முறுக்கம், விலக்கம், இடைவினை என்பன பண்டிதர்க்கு மட்டும் உரிய சொற்களல்ல. வாவிக்கரைப் பள்ளியொன்றில் ஆசிரியர் பென்சிலைத் தாளில் உராய்ந்து காட்டி இச்சொற்களை வழங்குவாராயின், மாணவன் அவற்றை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. பொருளே அவன் நாவிற்குச் சொல்லைத் தரும். அப்பணியில் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரு சுவடியின் ஈரேடுகளாய் இணைதல் வேண்டும்.